பாட்டு எண் பலகை

லாபீஸ் சாலையில் குலை ஏற்றிய லாரிகள்
காய் உதிர்த்துக்கொண்டே திரும்பும் முனையில்
எங்கள் தேவாலயம்.
தகரக் கூரை, நாற்பது நாற்காலி.
பீடத்துக்கு வலப்புறம் ஒரு மரப்பலகை;
அன்றைய பாட்டு எண்களை அட்டையில் செருகுவார்கள்.
47. 212. 8.
சபை புத்தகம் புரட்டும்.
நான் எண்களை ஒட்டிப் பார்ப்பேன்:
4721. 2128.
ஆசீர்வாதத்துக்குக் குனிந்த தலைக்குள்
மோட்டார் சாவி எந்தப் பையில் என்ற யோசனை.

பதினோரு வருடம்.
ஆண்டவர் ஒருமுறைகூட முதல் பரிசில் பேசவில்லை.
ஒரே ஒரு ஆறுதல் பரிசு, அறுபது வெள்ளி.
அதற்குச் சாட்சி சொல்ல எழுந்தவனைச்
செலினின் பார்வை உட்கார வைத்தது.

பிறகொரு ஞாயிறு,
எட்டு வயதுப் பெனினா என் காதைப் பிடித்திழுத்து:
"அப்பா, இன்னைக்கு எந்தப் பாட்டு விழும்?"

அன்றோடு விட்டேன் என்று எழுதலாம்தான்.
புதன்கிழமை மறுபடி போனேன்.
ஆ லியோங் வழக்கமான தாளை நீட்டினான்.
என்னைக் கேட்காமல் என் கை வாங்கியது.

வேடிக்கை என்னவென்றால்
செம்பனை ஆலையில் நான் கொதிகலன் பார்ப்பவன்.
மணிக்கொரு தரம்
நேரம், நீர்மட்டம், அழுத்தம், குறிப்பு
என்று நாலு கட்டத்தில் எழுதுகிறேன்.
இருபதைத் தாண்டினால் சங்கு அலறும்.
பதினெட்டு வருடத்தில் ஒரு மணி விட்டதில்லை,
காய்ச்சலிலும் எழுதியிருக்கிறேன்.
ஆக, பழக்கம் வராத கை இல்லை இது.
இரும்புக்குக் காட்டும் மரியாதையை
வீட்டுக்குள் கொண்டுவராத கை.

சப்பாத்து வாசலில் குறுக்கே கிடந்தால் போதும்,
கணக்குப் புத்தகம் காணோம் என்றால் போதும்,
பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நிற்கும்.

வெற்றுப் பதிவுத்தாள் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து
ஐஸ்பெட்டியில் ஒட்டினேன், எனக்கு நானே எழுத.
மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள் மறந்தேன்.
ஐந்தாம் நாள் பார்த்தால்
எலியாசரின் கோழிக்கிறுக்கல்:
"7.40. அப்பா கதவை அறைந்தார்.
அழுத்தம்: 25.
குறிப்பு: என் மேல் தப்பில்லை."

அன்றிரவு சோறு இறங்கவில்லை.
பின்வாசலில் அவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
போய் நின்றேன்.
ஆலை மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்,
சாலைத் தடுப்பில் போலீசிடம் சொல்லியிருக்கிறேன்,
பத்து வயதுப் பையனிடம் மட்டும்
அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது.
"மன்னிச்சுடுப்பா."
அவன் பம்பை நிறுத்தவில்லை.
"ம்" என்றான்.
பாவமன்னிப்பு இவ்வளவு சின்னதா?
சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வேலை விட்டு வந்ததும்
மோட்டாரை அணைத்து அதன்மேலேயே உட்காருகிறேன்,
என்ஜின் டிக் டிக் என்று ஆறும்வரை.
செலின் ஜன்னல் வழியே பார்ப்பாள்,
ஒன்றும் கேட்காமல் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பாள்.
இரவு ஜெபத்தில் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன்;
ஆமென் மட்டும்
பெனினா என் தாடையை ஆட்டிச் சொல்ல வைக்கிறாள்.
நம்பர் கடை, போன மாதம் இரண்டு தடவை.
எழுதித்தான் இருக்கிறது.

இன்று பலகையில் 138. 6. 91.
மண்டை தன் வேலையைப் பார்த்தது: 1386.
பார்க்கட்டும்.
நான் புத்தகத்தைப் புரட்டினேன்.
மூக்குக்கண்ணாடி வீட்டில்.
பெனினாவின் விரல் போன வழியே என் வாய் போனது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கப் போனால்
புது வரி ஒன்று, மை காயவில்லை:
"ஞாயிறு. 9.50. அப்பா பாடினார்.
அழுத்தம்: சாதாரணம்.
குறிப்பு: சுருதி சேரவில்லை."